நடுப்பகல் போத்தலும் வழுக்கையாற்றின் சுகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் எங்கள் ஊர்க் கூட்டமொன்றில், யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றின் தண்ணீரைச் சோதித்த அறிக்கையை வாசித்தார்கள். பிஎச் (அமில-கார அளவு) சரி, கரைந்த ஒட்சிசன் சரி, ஆறு சுகமாக இருக்கிறது, இனிப் பெக்கோ என்னும் மண் தோண்டும் இயந்திரம் விட்டு ஆழப்படுத்தலாம் என்று முடித்துவிட்டார்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டேன். பகல் பன்னிரண்டு மணி என்றார்கள். அந்தப் பதில் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பகல் வெயிலில் பாசி ஒட்சிசனை வெளிவிடும். தோட்டத்து உரம் கழுவுண்டு வந்து பாசி மண்டிய தண்ணீரிலும் மத்தியான அளவு நன்றாகவே காட்டும். இரவு முழுவதும் அதே பாசியும் அடியில் அழுகும் இலைகுழைகளும் ஒட்சிசனைத் தின்றுகொண்டிருக்கும். விடியப்புறம்தான் அளவு ஆகக் கீழே இறங்கும். லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறத் தொடங்கும். 30 பாகை செல்சியஸ் சூட்டில் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஒட்சிசனே ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். எங்கள் ஆற்றுக்கு இருக்கும் கைம்முதல் அவ்வளவு குறைவு. ஒருநாளாவது விடிய ஐந்தரைக்குப் போய் அளந்திருக்க வேண்டாமா?

“மீன் துள்ளுதுதானே தம்பி, பிறகென்ன?” என்று பக்கத்தில் இருந்த அண்ணை ஒருவர் கேட்டார். விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றை எடுத்துச் சீவிக்கக்கூடியவை. அவை துள்ளுவதை வைத்துத் தண்ணீருக்கு நற்சான்று கொடுக்க முடியாது. அடிச்சேற்றில் இருக்கும் சின்னப் பூச்சிகளிடம்தான் கேட்க வேண்டும். போத்தலில் பிடித்த ஆற்றுத் தண்ணீர் அந்த நேரத்துக் கதையை மட்டும் சொல்லும். பூச்சிகளோ கிழமைக் கணக்காக அங்கேயே கிடந்து, நல்லது கெட்டது எல்லாவற்றையும் உடம்பில் பட்டவை.

போன மார்கழியில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகளும் நானும் இதைச் செய்து பார்த்தோம். கம்பி வளையத்தில் நுளம்பு வலைத் துண்டொன்றைத் தைத்து, நீரோட்டத்துக்கு எதிரே பிடித்து, முன்னால் நின்று காலால் அடிமண்ணைக் கிளறினோம். வலையில் வந்ததை வெள்ளைப் பேசினில் கொட்டினால் முதலில் சேறும் சருகும்தான். அசையாமல் காத்திருந்தோம். ஒரு சருகுத் துண்டு நடக்கத் தொடங்கியது. தும்பிக் குடம்பி, அதாவது தண்ணீரில் வளரும் தும்பியின் இளம்பருவம்! அப்புறம் அரிசிமணி அளவில், வாலில் மூன்று மயிரிழைகளோடு மேபிளை (mayfly) என்னும் பூச்சியின் குடம்பிகள் இரண்டு. உடம்பின் இருபுறமும், அவை மூச்சுவிடும் பூக்கள் (செவுள்கள்) துடிதுடித்தன. ஒட்சிசன் குறைந்தால் முதலில் காணாமல் போகிறவற்றில் இவையும் உண்டு. அன்று காலையே கீழே, கழிவு வாய்க்கால் ஒன்று வந்து விழும் மதகடிக்குப் போனோம். அதே வலை, அதே பேசின். இரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்களைத் தவிர வேறொன்றும் இல்லை. எங்கள் இரத்தத்தில் உள்ளது போன்ற ஈமோகுளோபின் அந்தப் புழுக்களிலும் இருப்பதால் ஒட்சிசன் மிகக் குறைந்த சேற்றிலும் அவை பிழைக்கும். மகள் பேசினைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பேசாமல் நின்றாள்.

இப்படிக் கிடைக்கும் பூச்சிகளை வைத்து ஆற்றுக்குப் புள்ளி கொடுக்கும் முறைகள் பிரித்தானியா போன்ற நாடுகளில் இருக்கின்றன. அவற்றை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்தக் கூடாது. ஆண்டு முழுவதும் குளிர்ந்து ஓடும் ஆறுகளுக்கு வகுத்த புள்ளிகள் அவை. எங்களுடையது மாரியில் ஓடிக் கோடையில் வற்றும் ஆறு. நல்ல நிலையில் இருந்தாலும் குறைந்த புள்ளியே வரும். மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று ஒரே நாளில் பார்த்து ஒப்பிடுவதும், வருடா வருடம் அதே இடத்தில் பார்ப்பதும்தான் எங்களுக்குப் பொருந்தும்.

ஆழப்படுத்தவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் வடிய வேண்டும், விளங்குகிறது. ஆனால் கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் அந்தச் சேற்றுக்குள் நத்தைகளும் நீர்ச்செடிகளின் விதைகளும் அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கின்றன. அதை முழுக்க வழித்தெடுத்து, கரையில் நிழல் தரும் மருதையும் தாழையையும் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு வெள்ள வாய்க்கால்தான். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கிக் கந்தரோடை வழியாக அராலியில் கடனீரேரியைச் சேரும்வரை, ஆறும் அதோடு தொடுத்த குளங்களும் சுண்ணக்கல்லுக்குள் தண்ணீரை இறக்குகின்றன. அந்தத் தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். தோட்டத்து உரத்திலிருந்து தண்ணீரில் கலக்கும் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து என்பது தெரிந்த விஷயம்.

ஆகவே, வேலை தொடங்குமுன் ஒரு மாரியாவது ஆற்றை ஒழுங்காகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களை உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். முதல் வெள்ளம் அடங்கி மூன்று நான்கு கிழமை கழித்து ஒருமுறை, தண்ணீர் வற்றத் தொடங்கும்போது ஒருமுறை; இரண்டும் விடியற்காலையில். ஆற்றோரப் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். வரும் கார்த்திகையில் யாராவது தொடங்கினால், வலையும் பேசினும் கொண்டு நானும் மகளும் வருவோம்.

இப்படிக்கு,
வழுக்கையாற்றங்கரை விவசாயி ஒருவர்,
யாழ்ப்பாணம்.