மகிழ்ச்சி மனத்துக்குள் மட்டும்தான் இருக்கிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகிழ்ச்சி வெளியிலிருந்து வருவதன்று, அது முழுவதும் நம் மனத்துக்குள்ளேயே இருக்கிறது என்ற கருத்தில் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என்னால் அக்கருத்தை அப்படியே ஏற்க இயலவில்லை.

முதலில், அவர் சான்றாகக் காட்டிய அமெரிக்க ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1978-இல் வெளியான அந்த ஆய்வில், லாட்டரியில் பெரும்பணம் பெற்ற 22 பேரிடமும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரிடமும், இவ்விரண்டும் நேராத 22 பேரிடமும் அவர்களுடைய மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்டார்கள். பணம் பெற்றவர்கள் இவ்விரண்டும் நேராதவர்களைவிடப் பெரிதாக மகிழ்ந்திருக்கவில்லை என்பதும், காலை உணவு உண்பது, நண்பருடன் பேசுவது போன்ற அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தது என்பதும் உண்மையே. ஆனால், விபத்துக்குள்ளானவர்களும் மற்றவர்களுக்கு இணையாக மகிழ்ந்திருந்தார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று. ஐந்து மதிப்பெண்ணுக்கு இவ்விரண்டும் நேராதவர்களின் சராசரி 3.82 ஆக இருக்க, விபத்துக்குள்ளானவர்களின் சராசரி 2.96 தான். புதிதாக வந்தது விரைவில் பழகிப்போகலாம். இருந்தது பறிபோனால் மனம் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை என்றே நான் அந்த ஆய்விலிருந்து அறிகிறேன்.

வந்தது பழகிப்போவதை நாங்கள் கண்ணாரக் காண்கிறோம். மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணையைக் கடந்து நொங்கும் நுரையுமாக எங்கள் வாய்க்காலுக்கு வந்துசேரும் நாளில், கரையில் கூடி நின்று பூவும் நெல்லும் தூவுவோம். நான்காம் நாள் அதே வாய்க்காலைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது. அந்த அளவுக்குக் கட்டுரையாளர் சொல்வது சரி. ஆனால், 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள், குறுவை நெல்லுக்காக வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படவேயில்லை. குறுவை போடாமல் கிடந்த வயலின் வரப்பில் நிற்பவரிடம் போய், மகிழ்ச்சி உங்கள் மனத்தில் இருக்கிறது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எங்களிடம் அப்படிச் சொன்னார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயலில், என் மாமனார் வைத்து வளர்த்த தென்னந்தோப்பு அனேகமாக முழுவதும் சாய்ந்துவிட்டது. சில வாரங்கள் கழித்து ஆறுதல் கூற வந்த ஒருவர், போனவை வெறும் மரங்கள்தாம், மகிழ்ச்சி உங்கள் உள்ளத்தில் பத்திரமாக இருக்கிறது என்று பேசினார். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பின் பல மாதங்கள் அவர் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. சாய்ந்த மரங்கள் கண்ணில் படாதிருக்கக் கொல்லைக் கதவை அடைத்தே வைத்திருந்தார். எல்லோரும் தாங்கிக்கொள்ள, தமக்கு மட்டும் மனத்தில் தெம்பில்லையே என்று தம்மையே நொந்துகொண்டார். எனக்குத் தாங்க முடியாதது அதுதான். தோப்பை இழந்த மனிதரிடம், அதற்காகத் துயரப்படுவதும் உம் குறைதான் என்று இந்தப் போதனை சொல்லிவிட்டுப் போகிறது.

அவரை மீட்டது அறிவுரை அன்று. தம்முடைய தோப்பையும் புயலுக்குக் கொடுத்திருந்த பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருநாள் காலை மண்வெட்டியோடு வந்து, "வாங்கண்ணே, மூணடிக் குழிதானே" என்று கூறி, பதிலுக்குக் காத்திராமல் வெட்டத் தொடங்கினார். ஒரு வாரம் எங்கள் கொல்லையில், மறு வாரம் அவருடைய கொல்லையில் என்று இருவரும் சேர்ந்தே குழி வெட்டிக் கன்று வைத்தார்கள். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அறுபதைக் கடந்த ஒருவர் அதை நடுவதற்கு உள்ளத்தில் ஏதோ ஒன்று வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை என் கணவருக்குள் எழுப்பியவர் மண்வெட்டியோடு வந்த அந்த மனிதர் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆகவே, மனநலம் குறித்த கட்டுரைகளை வெளியிடும்போது, புயலும் வறட்சியும் மாறிமாறி வரும் எங்களைப் போன்ற மாவட்டங்களில், இழந்து நிற்பவரிடம் எதைப் பேசலாம், எதைப் பேசாமல் உடனிருக்கலாம், வாழ்வாதாரம் திரும்ப என்ன செய்யலாம் என்பவற்றையும் அறிந்தவர்களைக் கொண்டு எழுதச் செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று நட்ட கன்றுகளில் ஒன்று ஏழாம் ஆண்டில் முதல் பாளை விட்டது. என்னிடம் சொல்வதற்கு முன்பே, என் கணவர் வேலியோரம் போய் நின்று பக்கத்துக் கொல்லைக்காரரைக் குரல் கொடுத்து அழைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பேராவூரணி, தஞ்சாவூர் மாவட்டம்.