கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெல்ஜிய இயக்குநர் ஷாந்தல் அக்கெர்மானின் ‘ழான் தீல்மான்’ (1975) படம் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, படத்தின் 201 நிமிட நீளத்தையும் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ திரைப்பட இதழ் 2022இல் நடத்திய, எக்காலத்துக்கும் சிறந்த படங்களுக்கான வாக்கெடுப்பில் அது முதலிடம் பெற்றதையும் விரிவாகவே பேசியது. ஆனால் அசையாத அந்தக் கேமராவை அவ்வளவு வியந்த கட்டுரையாளர், அதன் ஒளிப்பதிவாளரான பாபெத் மாங்கோல்த்தின் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை.

1941இல் பிரான்சில் பிறந்த மாங்கோல்த், அந்நாட்டு அரசுத் திரைப்படப் பள்ளியின் ஒளிப்பதிவுப் பிரிவில் சேர முடிந்த முதல் பெண்களுள் ஒருவர். 1970இல் நியூயார்க் சென்ற அவர்தாம், மறு ஆண்டு அங்கு வந்த அக்கெர்மானுக்கு கனடியக் கலைஞர் மைக்கேல் ஸ்நோ போன்றோரின் சோதனைப் படங்களை அறிமுகப்படுத்தினார். மலிவான விடுதி ஒன்றின் நடைவழிகளையும் மின்தூக்கியையும் ஒலியே இல்லாமல் காட்டும் ‘ஹோட்டல் மான்டரே’யை (1972) இருவரும் அங்கேதான் எடுத்தார்கள். எனவே, ‘ழான் தீல்மான்’ படத்தில் பிரஸ்ஸல்ஸ் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் பெண்ணை விட்டு அகலாத அந்தப் பார்வையை, இயக்குநர் கேட்டார், ஒளிப்பதிவாளர் எடுத்துக் கொடுத்தார் என்று சுருக்கிவிட முடியாது. அதே ஆண்டுகளில் மாங்கோல்த், நடனக் கலைஞரும் இயக்குநருமான இவோன் ரெய்னரின் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார்; நடன அமைப்பாளர் டிரிஷா பிரவுனின் நடனக் கலைஞர்கள் மன்ஹாட்டன் மொட்டைமாடிகளில் ஆடியதைப் புகைப்படங்களாக்கினார். ஓர் உடல் தன் வேலையை முடிக்கும் வரை பொறுத்திருந்து பார்க்கும் பழக்கம் இந்த நடனக்காரர்களிடமிருந்தே அவருக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அவர் தாமே இயக்கிய படங்கள் நம்மிடையே இன்னும் குறைவாகவே பேசப்படுகின்றன. ‘தி கேமரா: ழ, லா கேமரா: ஐ’ (1977) படத்தில் நாம் புகைப்படக்காரரின் கண்ணாகவே மாறிவிடுகிறோம், எதிரில் நிற்பவர்கள், கேமராவுக்குப் பின்னாலிருந்து வரும் கட்டளைகளுக்கேற்ப முகத்தைத் திருப்பிக்கொண்டும் சங்கடத்துடன் சிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ‘தி ஸ்கை ஆன் லொக்கேஷன்’ (1982) மேற்கு அமெரிக்க நிலப்பரப்பின் நிறங்களைப் பருவந்தோறும் பின்தொடர்கிறது. பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் பிரெஸ்ஸோனின் ‘பிக்பாக்கெட்’ படத்தில் நடித்த, தொழில்முறை நடிகர்கள் அல்லாத மூவரைப் பல ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்றும் ஒரு படம் எடுத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்படங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். அதற்கு முன், சென்ற இதழ்க் கட்டுரையின் இணையப் பதிப்பிலாவது ஒளிப்பதிவாளரின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி