'இயற்கை ஒளி' என்று அச்சிட்ட மீன்தொட்டி விளக்கு: கன்ட்ரோலரை மாற்றித் தரக் கோரி

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 60 செ.மீ எல்இடி மீன்தொட்டி விளக்கு - கன்ட்ரோலர் குறைபாடு, கையேட்டுத் தவறு

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களுடைய 24 வாட் எல்இடி விளக்கின் அட்டைப்பெட்டியில் 'இயற்கை ஒளி, சூரிய உதயம், அஸ்தமனம்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். நிறத்தைப் பற்றிப் புகார் இல்லை. 6500 கெல்வின் வெள்ளையில் மீனின் நிறமும் செடியின் பச்சையும் உள்ளபடி தெரிகின்றன. ஒளியை நேரப்படி கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரில், அந்த ஒளி வரும் விதமும் போகும் விதமும்தான் சரியில்லை.

உதய முறையில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தால், இருட்டிலிருந்து முழு வெளிச்சத்துக்கு வர 60 விநாடிதான் ஆகிறது. அதிலும் முதல் படியே 20 சதவீதம். மீனுக்கு இமை கிடையாது. தொட்டியில் வளர்க்கும் பெரும்பாலான மீன்களுக்குக் கண்மணியும் நமக்குப் போலச் சட்டென்று சுருங்காது. விழித்திரைக்குள் நிறமியும் ஒளியுணர் செல்களும் மெல்ல இடம் மாறித்தான் கண் வெளிச்சத்துக்குப் பழகும். அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். 60 விநாடி உதயம் என்பது சுவிட்சைப் போடுவதற்கு வைத்த அழகான பெயர், அவ்வளவே. நியான் டெட்ரா மீன்கள் சிதறிக் கண்ணாடியில் மோதுகின்றன, கோரிடோரஸ் மீன்கள் அடியிலிருந்து மேலே பாய்கின்றன. மூடியில்லாத தொட்டியென்றால் துள்ளும் மீன் தரையில்தான் விழும். அறை விளக்கை அரை மணி நேரம் முன்பே போட்டுவைத்தால் பதற்றம் குறைகிறது. ஆனால் அந்த வேலையைச் செய்யத்தானே கன்ட்ரோலர்?

இதைவிட மோசம், மின்சாரம் போய் வரும்போது நடப்பது. கன்ட்ரோலரில் கடிகாரத்துக்கென்று பேட்டரி இல்லை. அமைத்து வைத்த நேரமெல்லாம் அழிந்து, 100 சதவீத வெள்ளையில் எரியத் தொடங்குகிறது. நள்ளிரவு 2 மணிக்கு மின்சாரம் வந்தாலும் அப்படித்தான். யாரும் கவனிக்காவிட்டால் மறுநாள் முழுக்க அணையாது. வெளியே ஒரு டைமர் பிளக் போட்டுப் பார்த்தாலும் பயனில்லை. டைமர் இணைப்பைத் துண்டிப்பதும் கன்ட்ரோலருக்கு மின்வெட்டுதான், மறுபடி முழு வெளிச்சத்தில்தான் விழிக்கிறது.

அடுத்து அந்த நீல 'நிலவொளி'. வெள்ளை அணைந்ததும் தானாக எரியும் இதை நிறுத்த வழியே வைக்கவில்லை. மீன்களுக்கு இரவு என்றால் இருட்டு வேண்டும். விடிய விடிய நீலம் எரிந்தால் அவை ஓய்வெடுப்பதில்லை. கோரிடோரஸ் போல இருட்டில் இரை தேடுபவை மறைவிடத்தை விட்டு வரத் தயங்குகின்றன. நியான் டெட்ராவின் முட்டைகளுக்கு ஒளி ஆகாது என்பது இனப்பெருக்கம் செய்பவர்கள் அனைவரும் அறிந்தது.

கையேடு 'நாளுக்கு 12 மணி நேரம், 100 சதவீதம்' என்கிறது. பெட்டியில் உள்ளபடி இந்த விளக்கு தரும் ஒளியின் அளவு 2400 லூமன். 60 × 30 × 36 செ.மீ தொட்டியில் ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதாவது லிட்டருக்கு 40 லூமன். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வேகமாக வளரும் செடிகளை வளர்ப்பவர்களுக்கு இது பொருந்தலாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் எனக் குறைந்த ஒளி போதுமான செடிகள் மட்டும் உள்ள தொட்டிக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லூமன், 8 மணி நேரம் தாராளம். கையேட்டின்படி நடந்தால் அனுபியாஸின் மெதுவாக வளரும் இலைகளில்தான் முதலில் பாசி படியும். மர நிழலிலும் தேநீர் நிறத் தண்ணீரிலும் வாழ்ந்த, தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆற்றுக் கார்டினல் டெட்ரா மீன்களோ வெளிறிப்போய் மூலையில் ஒதுங்கும். மிதக்கும் செடிகளை மேற்பரப்பில் பாதிவரை விட்டால் ஓரளவு சமாளிக்கலாம். கையேட்டில் அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

ஆகவே, கீழ்க்கண்டபடி செயல்படும் கன்ட்ரோலரை அனுப்பிவைக்கக் கோருகிறேன்: உதயமும் அஸ்தமனமும் குறைந்தது 30 நிமிடம், முதல் படி 1 சதவீதம், நீலத்தை முழுவதும் அணைக்கும் வசதி, மின்வெட்டுக்குப் பின்னும் நேரத்தை மறக்காத கடிகாரம். அத்தகைய கன்ட்ரோலர் உங்களிடம் இல்லையென்றால் விளக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தந்துவிடுங்கள். வெறும் அடாப்டரை மாற்றி அனுப்ப வேண்டாம், கோளாறு அதில் இல்லை.

ரசீது நகலும், உதய முறையையும் மின்வெட்டுக்குப் பின் விளக்கு எரிவதையும் காட்டும் இரண்டு காணொளிகளும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்