நான்கு வாரத்தில் அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். நீரிழிவுக் கால் புண்களுக்கு மாற்றுத்தோல் ஒட்டும் சிகிச்சை பற்றிய செய்தியைப் படித்தேன். நல்ல செய்திதான். ஆனால் அந்தத் தோல் பிடிக்க வேண்டுமானால் முதலில் கிருமித் தொற்று அடங்க வேண்டும், காலுக்கு ரத்த ஓட்டம் இருக்க வேண்டும், புண் மீது உடல் பாரம் விழக் கூடாது. என் அம்மாவுக்கு ஏழு மாதம் கட்டு மட்டுமே மாற்றினார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

முறையாகச் சிகிச்சை தந்தும் நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், மாற்றுத்தோல் போன்ற அடுத்த கட்ட சிகிச்சையை யோசிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட அளவுகோல். எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரந்தோறும் புண்ணை அளந்து நோயாளியின் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அப்படிப் புண் குறையாதவர்களை உடனே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்