ஷவுவோத் நாளில் பேசப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். யூதர்களின் அறுவடைப் பண்டிகையான ஷவுவோத்துக்கு உங்கள் சினகாக்கில் (யூத ஜெப ஆலயத்தில்) வேதத்திலுள்ள ரூத் சரித்திரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்கிறார்கள், “நான் யூதப் பெண்ணே இல்லை, நான் போய் என்னத்தைப் பேச” என்று போனில் அலுத்துக்கொண்டாய். பேசத்தான் வேண்டும் என்பேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற பேச்சைப் பேசாதே.

அவர்கள் எதிர்பார்ப்பது முதல் அதிகாரம். ரூத் மோவாப் என்ற அந்நிய நாட்டுப் பெண், கணவனை இழந்தவள், மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். “உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்.” வேற்றூர் மருமகளான நீ எழுந்து அதைப் படித்தால் சம்பந்தியம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். நல்ல வசனம்தான். உனக்குப் பொருந்தாது. நீ உன் சாமியை விட்டுவிட்டுப் போகவில்லை. மாப்பிள்ளையும் விடச் சொன்னவர் இல்லை. இல்லாததைச் சபையில் நின்று சொல்லக் கூடாது.

இரண்டாம் அதிகாரத்தைப் பிடித்துக்கொள். ரூத் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்தது வாற்கோதுமை அறுவடை தொடங்குகிற சமயம். கையில் ஒன்றும் இல்லை. போவாஸ் என்ற நிலக்காரனின் வயலில் இறங்கி, அறுக்கிறவர்கள் பின்னாலேயே கதிர் பொறுக்குகிறாள். யார் அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது? தோராதான், யூதர்களின் மூல வேதமான ஐந்து ஆகமங்கள். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம்: வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது அந்நிய நாட்டானுக்கும். உபாகமம் 24-இல் இன்னும் ஒன்று: வயலில் மறந்து வைத்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே.

லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் பார். அது பண்டிகைப் பட்டியல். பெசாக் (பஸ்கா), அங்கிருந்து ஏழு வாரம் எண்ணி ஷவுவோத், அப்புறம் இலையுதிர் காலப் பண்டிகைகள், கடைசியில் சுக்கோத் (கூடாரப் பண்டிகை). ஷவுவோத்துக்கு என்ன படைக்க வேண்டும், எத்தனை ஆட்டுக்குட்டி என்று சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் திடுமென்று 22-ஆம் வசனம்: ஓரத்தை விட்டுவிடு. உடனே மறுபடி பண்டிகைக் கணக்கு. முதல் தடவை படித்தபோது ஏதோ இடம் மாறி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. கோதுமை வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் இருக்கிறவனிடம் அப்போதே சொன்னால்தான் ஏறும். நம்மைப் போல வயல் வைத்திருக்கிறவனுக்கு இது புரியும்.

மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய மிஷ்னாவில், அதாவது யூதச் சட்டத் தொகுப்பில், இதற்கென்றே ‘பேஆ’ (வயல் ஓரம்) என்று தனிப் பகுதி இருக்கிறது. ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முன்னால் தொகுத்தது. படித்து அசந்துவிட்டேன். எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு மேலளவு கிடையாது. ஆனால் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பொறுக்க வருகிறவர்கள் அரிவாள் கொண்டுவரக் கூடாது, ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்களாம். இதை எழுதினவர்கள் களத்து மேட்டில் நின்று பார்த்தவர்கள். ஒன்றிரண்டு கதிர் விழுந்தால் ஏழைக்கு. மூன்றாக விழுந்தால் சொந்தக்காரனுக்கு.

அந்தப் பேஆவின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைத்தான் நீ பேச வேண்டும். பொறுக்க ஒருவனை விட்டு இன்னொருவனை விடாதவனும், வந்தவர்களில் ஒருவனுக்கு மட்டும் கைகொடுக்கிறவனும் ஏழைகளிடம் திருடுகிறவன். உதவி செய்கிறவனைத் திருடன் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தக் கதிர் அவனுடையதே இல்லை, பிறகு யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க அவன் யார்? நம்மூரிலும் அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்க வருவார்கள். உங்கள் தாத்தா கங்காணி மாதிரி வரப்பில் நின்றுகொண்டு, பிடித்தவளை இறங்கச் சொல்வார், பிடிக்காதவளை விரட்டுவார். ஊரே அவரைத் தாராள மனசு என்றது. இப்போது மிஷின் அறுப்பு, அந்தப் பேச்சும் போய்விட்டது.

இதை உங்கள் சபையைப் பார்த்தே கேள். யோம் கிப்பூர் என்ற உபவாச நாளின் மத்தியானம் உங்கள் சீர்திருத்தப் பிரிவினர் படிப்பது இதே லேவியராகமம் 19-ஆம் அதிகாரம்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். பட்டினி கிடக்கிற வயிற்றோடு வயல் ஓரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சரி. அந்தச் சமயத்தில் வாசலில் அட்டைப் பெட்டி வைத்து டின் உணவு சேர்க்கிறார்களே, அதில் எது போடுவது என்று தீர்மானிப்பது யார்? வேண்டாத பீன்ஸ் டின்தானே போகிறது? குறை சொல்வதற்காக அல்ல. வாங்குகிறவர் வந்து தானே எடுத்துக்கொள்ளும்படி விட்டால் என்ன என்று கேள்.

கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதே. நாங்கள் அங்கே வந்திருந்தபோது பார்த்தேனே. வெள்ளிக் குச்சியால் வரி வரியாகத் தொட்டுக்காட்டி ஒரு பையன் தோராச் சுருளைப் படித்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு சொல்லில் சட்டென்று சத்தமாகத் திருத்தினார். பையன் முகம் சுண்டவில்லை. பின்னால் போய் அந்த இடத்தை மறுபடி படித்துவிட்டுத் தொடர்ந்தான். சபை நடுவில் திருத்துவதும் திருத்தப்படுவதும் அவர்களுக்குப் பழக்கம்.

சட்டத்தையே அப்படிப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். மோவாபியன் சபைக்குள் வரக் கூடாது என்று உபாகமம் 23 சொல்கிறது. அப்படியானால் ரூத்? அவள் கொள்ளுப்பேரன் தாவீது ராஜா! மோவாபிய ஆணுக்குத்தான் தடை, பெண்ணுக்கு இல்லை என்று மிஷ்னா தீர்த்தது. வக்கீல் வாதம் மாதிரித்தான் இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. நேரம் இருந்தால் இதைத் தொடு, இல்லாவிட்டால் ரப்பியிடம் (உங்கள் சபையின் மத குருவிடம்) தனியாகப் பேசிக்கொள்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. ஷவுவோத்துக்குப் பால் பலகாரம்தான் சம்பிரதாயம் என்றாயே, அந்தச் சீஸ் கேக்கில் முட்டை உண்டா என்று அம்மா கேட்கிறாள். இருந்தால் அதற்குப் பதில் பால் கொழுக்கட்டை செய்துகொண்டு போகச் சொல்கிறாள், செய்முறை நாளைக்குப் போனில் சொல்வாளாம்.

அன்புடன்,
அப்பா