இரணைமடுவுக்கு ஏழு கேள்விக்குறி

மாங்குளம்
பங்குனி மாதம்

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். காலபோக வெட்டு முடிந்துவிட்டது. நெல் காயப்போட இடமில்லாமல் றோட்டுக் கரை முழுக்கப் படங்கு விரித்துக் கிடக்கிறது. விலையைப் பற்றிக் கேட்காதே, வயிறு எரியும். இரணைமடுக் குளத்தில் தண்ணி நிற்கிறதாம். சிறுபோகத்துக்கு யாருக்கு எவ்வளவு என்று இனித்தான் கூட்டம் வைப்பார்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, ரிக்கெட் போட்டாயா?

சரி, உன் தளத்து விஷயம். வன்னிக் குளங்களின் விபரம் சேர்க்கிற அந்தப் படிவத்தில் ஆட்கள் எழுதி அனுப்பும் தமிழ் ஒழுங்காகப் பதிவாகிறது, ஆனால் தேடல் பெட்டியில் தமிழ் போட்டால் கேள்விக்குறிதான் வருகிறது என்று எழுதியிருந்தாய். சேர்வர்காரர், தளத்தை ஓட்டுகிற டொம்கட் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு தொடங்கியது என்றும் சொன்னாய். அதற்குள் ஓடுகிற கொக்கூன் என்ற மென்பொருளைத் தூக்கி எறிந்துவிடலாமா என்ற உன் கேள்விக்குப் பதிலைப் பிறகு பார்ப்போம். 1999இல் ஸ்டெபானோ மசோக்கி தொடங்கிய பழைய சரக்குத்தான், ஆனாலும் எக்ஸ்எம்எல் கோப்பைப் பக்கமாக்கித் தரும் வேலையை இன்னும் ஒழுங்காகத்தானே செய்கிறது.

நீ அனுப்பிய படத்தில் ஒன்றைக் கவனித்தாயோ தெரியாது. இரணைமடு என்று தேடியிருக்கிறாய். நாங்கள் எண்ணினால் ஐந்து எழுத்து. திரையில் ஏழு கேள்விக்குறி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிக்கோட்டில் ஐகாரக் கொம்பும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அந்தச் சொல்லுக்கு மொத்தம் ஏழு. அந்த எண்களைப் பைட்டாக எழுதும் யூடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். உடையாமல் வந்த 21 பைட்டை, ஐரோப்பிய எழுத்து மட்டும் உள்ள பழைய ஐஎஸ்ஓ-8859-1 முறை என்று யாராவது தவறாக வாசித்திருந்தால் கேள்விக்குறி வராது. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வருகிற குப்பை வரும். அந்தக் குப்பையைத் திருப்பித் தமிழாக்கலாம், பைட் அப்படியே இருக்கிறது. கேள்விக்குறியை மீட்க வழியில்லை. குறியீட்டுக்கு ஒன்றாக ஏழு வந்திருப்பதால், தமிழ் சரியாக வாசிக்கப்பட்ட பிறகு, யாரோ அதைத் தமிழே இல்லாத அட்டவணைக்குள் திணித்திருக்கிறார்கள்.

அந்த 'யாரோ' கொக்கூன்தான், ஆனால் நாங்கள் சொன்னபடிதான் அது செய்கிறது. தளத்தின் அமைப்புகள் கிடக்கிற வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் கன்டெய்னர்-என்கோடிங், ஃபோர்ம்-என்கோடிங் என்று இரண்டு இருக்கின்றன அல்லவா. டொம்கட் எந்த முறையில் வாசித்துத் தந்தது என்பது முதலாவது. பிரவுசர் உண்மையில் எந்த முறையில் அனுப்பியது என்பது இரண்டாவது. கொக்கூன் முதலாவதை வைத்துச் சொல்லைத் திரும்பப் பைட்டாக்கி, இரண்டாவதை வைத்து மறுபடி எழுத்தாக்கும். உன்னிடம் முதலாவது ஐஎஸ்ஓ-8859-1, இரண்டாவது யூடிஎப்-8. பழைய டொம்கட்டுக்கு இது கச்சிதம்.

ஆனால் டொம்கட் 8இலிருந்து, முகவரி வரியில் வருகிற எழுத்தை அது தானாகவே யூடிஎப்-8 என்று வாசிக்கத் தொடங்கியது. முகவரியில் சேராமல் படிவத்தின் உடலாக வருவதை 8உம் 9உம் முன்போலவே ஐஎஸ்ஓ-8859-1 என்றே வாசிக்கும். உன் தேடல் முகவரி வரியில் போகிறது, பதிவு உடலில் போகிறது. அதுதான் ஒன்று உடைந்து மற்றது பிழைத்தது. தேடலுக்கு வந்த தமிழைக் கொக்கூன் இன்னொரு தடவை மாற்றப்போனது, ஏற்கெனவே குத்திய அரிசியைத் திரும்பவும் உரலில் போட்ட கதை.

சரிசெய்ய இரண்டு வழி. டொம்கட்டில் கோரிக்கைகளை வாங்குகிற கனெக்டரில் முகவரி வரியைப் பழையபடி ஐஎஸ்ஓ-8859-1 ஆக்கலாம், ஒரு வரி வேலை. ஆனால் அந்தச் சேர்வரில் வேறு ஆட்களின் தளங்களும் ஓடுகின்றனவே, அவர்களுடைய தமிழ் உடையும், வீண் சண்டை. எனக்குப் பிடித்தது மற்றது: முகவரி வரியைத் தொடாதே. உன் வெப்.எக்ஸ்எம்எல்லில் டொம்கட்டோடு வருகிற எழுத்துமுறை ஃபில்டரைப் போட்டு உடலையும் யூடிஎப்-8 ஆக்கு, கன்டெய்னர்-என்கோடிங்கையும் யூடிஎப்-8 என்று மாற்று. ஃபோர்ம்-என்கோடிங் இருக்கிறபடி இருக்கட்டும். மூன்றும் ஒன்றாகிவிட்டால் கொக்கூன் மாற்றினாலும் அதே சொல்தான் திரும்பி வரும். ஃபில்டரை மட்டும் போட்டுவிட்டுப் போனாயானால் இப்போது நன்றாக இருக்கிற பதிவும் கேள்விக்குறியாகும். பதிவு என்றால் சேமிக்கப்படுவது, போனது போனதுதான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்று.

கொக்கூனின் சைட்மேப் கோப்பில், பக்கத்தை எழுதி வெளியே அனுப்புகிற எச்டிஎம்எல் சீரியலைசரையும் ஒருக்கால் பார். அதில் ஐஎஸ்ஓ-8859-1 கிடந்தாலும் பக்கம் வடிவாகத்தான் தெரியும், அதனால் ஒருவரும் கவனிப்பதில்லை. 'அ' என்பதை 2949 என்ற எண்ணாக, முன்னும் பின்னும் குறிகளோடு, 7 பைட்டில் அனுப்பிக்கொண்டிருக்கும். யூடிஎப்-8இல் 3 பைட்தான். ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் கிடைக்கிற லட்சணத்துக்கு அந்த வித்தியாசம் பெரிது.

கடைசியாக, ஊரிலிருந்து வாசிகசாலைக்காரர் அனுப்பிய கோப்புகள். அவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அவற்றுக்கு எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. பாமினியில் அம்மா என்பது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசை, எழுத்துரு போடுகிற வேசம்தான் தமிழ். அது எந்த என்கோடிங்கிலும் உடையாது, எந்தத் தேடலிலும் அகப்படாது. என்னிடம் அனுப்பு, நான் யூனிக்கோட்டுக்கு மாற்றிப் பெயர்களைச் சரிபார்த்துத் தருகிறேன். மாற்றிகள் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பில் தடுமாறும், முத்தையன்கட்டும் கனகராயன்குளமும் எப்படி எழுதுவது என்று இங்கே இருப்பவன் பார்த்தால்தான் சரி.

மாற்றியதும் முதலில் சேர்வரில் ஒரு நகல் வைத்துப் பார். 'இரணைமடு' என்று தேடலிலும் பதிவிலும் போட்டு, என்ன வந்தது என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
மாங்குளத்துக்காரன்