அது எஃகுப் பாலம் இல்லீங்க, வார்ப்பிரும்புப் பாலம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இங்கிலாந்துல செவர்ன் ஆத்து மேல இருக்கற அயர்ன் பிரிட்ஜ் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, சந்தோசம். ஆனா தலைப்புலயே 'உலகின் முதல் எஃகுப் பாலம்'னு போட்டுட்டீங்க, உள்ள வேற 'இரும்புத் துண்டுகளை வெல்டிங் செய்து'ன்னு ஒரு வரி. கோயமுத்தூர்ல 32 வருசம் பவுண்டரில, உருக்கின இரும்ப ஊத்தறதுக்கு அச்சு செய்யற மோல்டரா இருந்தவன் நான், அதைப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியலைங்க, அதான் இந்த லெட்டர்.

பையன் பர்மிங்காம்ல இருக்கான். போன வருசம் அங்க போனப்போ, எங்க போலாம்ப்பான்னு கேட்டான், இந்தப் பாலத்தைக் காட்டுனு சொன்னேன். கார்ல ஒரு மணி நேரம்தான். மருமகளுக்கு அவ்வளவு இஷ்டமில்ல, பாலத்துல பாக்கறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டுச்சு.

எஃகு வேற, வார்ப்பிரும்பு வேறங்க. வார்ப்பிரும்ப அமுக்கினா எவ்வளவு வேணா தாங்கும், இழுத்தா படக்குனு விட்டுரும். அதனாலதான் அதை வளைவா கட்டியிருக்காங்க, வளைவுல பாரம் பூரா அமுக்கமாத்தான் இறங்கும். 30 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைவு, நடு ஆத்துல ஒரு தூண் கூட கிடையாது, கீழ போட்டுக போகணும்ல. 378 டன் இரும்பு, சுமாரா 1,700 பீஸ். பெரிய பீஸ் ஒவ்வொண்ணும் அஞ்சு டன்னுக்கு மேல, இன்னைக்கு கிரேன் வச்சுக்கிட்டே அப்படி ஒரு காஸ்டிங் எடுக்கறதுக்கு நாங்க ரெண்டு நாள் திட்டம் போடுவோம், அவங்க 1779ல தூக்கி நிறுத்திட்டாங்க!

வெல்டிங்னு எழுதினீங்களே, பக்கத்துல போய் பாருங்க, பூரா தச்சு வேலை. ஒண்ணுல துளை, இன்னொண்ணுல நாக்கு, புறா வால் மாதிரி செஞ்சு சொருகி ஆப்பு அடிச்சு இறுக்கியிருக்காங்க, வளைவோட உச்சியில ரெண்டு பாதியையும் சேர்க்கற இடத்துலதான் போல்ட். இரும்புல எப்படிக் கட்டறதுன்னு அதுக்கு முன்ன யாருக்கும் பழக்கமில்ல, தெரிஞ்சது மரவேலைதான். டிசைன் போட்ட பிரிட்சார்டே முதல்ல தச்சு வேலை கத்துக்கிட்டவர், பாவம் பாலம் நிக்கறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே 1777ல போய்ச் சேர்ந்துட்டார். வார்த்துக் கொடுத்தது மூணாவது ஆபிரகாம் டார்பி, 1709ல கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கற கரி) போட்டு இரும்பு உருக்கினாரே ஒரு டார்பி அவரோட பேரன், இந்தப் பாலத்தால வந்த கடன் அவரை கடைசி வரைக்கும் விடல. பாக்க ஒரே மாதிரி இருக்கற பீஸ்களுக்குள்ளயே சில சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்காம், ஒண்ணோட ஒண்ணு பொருந்தற மாதிரி தனித்தனியா வார்த்திருக்காங்க. எங்க ஆளுக யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, அது எவ்வளவு பெரிய தலைவலின்னு.

இன்னொண்ணு, ரெண்டு கரையும் ஆத்துப் பக்கமா நகர்ந்து பாலத்தை நெருக்கிக்கிட்டே இருந்திருக்கு. 1970கள்ல ஆத்துக்கு அடியில கான்கிரீட் போட்டு ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்திருக்காங்க, மேல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. வண்டி போறத 1934லயே நிறுத்திட்டாங்க, இப்ப நடந்து மட்டும்தான் போகலாம், காசு வாங்கறதில்ல.

முன்ன வாங்கியிருக்காங்க. சுங்கச்சாவடி வீட்டுல கட்டண போர்டு இன்னும் இருக்கு, நடந்து போறவங்களுக்கு அரை பென்னி, கடைசியில ஒரு குறிப்பு, இது தனியார் சொத்து, பட்டாளத்துக்காரங்க டூட்டில இருந்தாலும் இல்லாட்டியும் கட்டணும், தபால் வண்டியும் கட்டணும், ராஜ குடும்பமும் கட்டணும்னு. அதை வாசிச்சு சிரிச்சவதான் மருமக, அப்புறம் திரும்பி வரவே மனசில்ல.

போட்டோவும் பழசுங்க. நீங்க போட்டதுல பாலம் சாம்பல் கலர்ல இருக்கு. 2018ல ரிப்பேர் முடிச்சு, பழைய பெயிண்டை சோதிச்சுப் பாத்து, ஆரம்பத்துல இருந்த செம்பழுப்பு கலரையே திரும்ப அடிச்சுட்டாங்க. பையன் எடுத்த போட்டோ ரெண்டு இதோட வச்சிருக்கேன், திருத்தம் போடறப்ப வேணும்னா போட்டுக்கங்க, பேர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மோல்டர், கோயமுத்தூர்